புக்கிங் பணம் கட்டிவிட்டேன், இனி பேரம் பேச முடியுமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து 34 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். தனியார் கிளினிக் ஒன்றில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை. அம்மாவை வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறார். கையிலிருக்கும் பழைய விவா இரண்டு முறை நடுரோட்டில் நின்றுவிட்டதால் வேறு கார் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். மாமா தனக்குத் தெரிந்த செகண்ட் ஹேண்ட் கார் டீலரிடம் அழைத்துப் போயிருக்கிறார். இணையத்தில் 36,800 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டிருந்த 2018 மைவி பிடித்துப்போக, அன்றைக்கே 1,000 வெள்ளி புக்கிங் பணம் கட்டி ஆர்டர் தாளிலும் லோன் மனுவிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். லோன் மனுவில் சில கட்டங்கள் காலியாக இருந்தனவாம். வீட்டுக்கு வந்து தாளைப் படித்தால் மொத்தம் 42,200. சேல்ஸ்மேனைக் கேட்டதற்கு, "கவலைப்படாதீங்க தங்கச்சி, ஃபுல் லோன் போட்டுத் தரேன், டெபாசிட்டே வேணாம், ஒன்பது வருஷம், மாசம் 531 வெள்ளிதான்" என்றிருக்கிறார். பின்வாங்கினால் புக்கிங் பணம் திரும்பாது என்றும் சொல்லியிருக்கிறார். தாளின் அடியில் 'அஸ் இஸ் வேர் இஸ்', அதாவது இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்ளவேண்டும், என்று அச்சடித்திருக்கிறது. "பழைய காருக்குச் சட்டமெல்லாம் கிடையாதும்மா, பேசாமல் எடுத்துக்கோ" என்கிறார் மாமா. காருக்குள் ஏதோ வாசனை திரவியம் தூக்கலாக அடித்ததாகவும் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. ஆயிரம் வெள்ளி போனது போனதுதானா, இனிமேல் விலை பேச முடியுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்களைத் தூங்கவிடாத விஷயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆயிரம் வெள்ளி போகவில்லை. வங்கியோடு வாடகைக் கொள்முதல் (ஹயர் பர்ச்சேஸ்) ஒப்பந்தத்தில், அதாவது கடன் போட்டுத் தவணையில் கார் வாங்கும் ஒப்பந்தத்தில், நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை கடிவாளம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

வாடகைக் கொள்முதல் சட்டம் 1967இலிருந்தே இருக்கிறது. 2010இல் அதைத் திருத்தியபோது புக்கிங் பணத்துக்கு ஒரு வரம்பு கட்டினார்கள். காரின் ரொக்க விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. 36,800க்கு அது 368 வெள்ளி. உங்களிடம் வாங்கியது ஆயிரம். ஒப்பந்தம் போடுமுன் நீங்கள் மனம் மாறினால், புக்கிங் பணத்தில் 90 விழுக்காட்டைத் திருப்பித் தரவேண்டும். ரசீதில் 'திருப்பித் தரப்படாது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தாலும் சரி, அது சட்டத்துக்கு மேல் நிற்காது. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். லோன் போட்டு வாங்குவதால்தான் இந்தச் சட்டம் உங்களுக்குத் துணை வருகிறது. முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்து வாங்குபவருக்கு இந்த விதி பொருந்தாது.

ரசீதை இன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதே தரவில்லை என்றால், பணம் அனுப்பிய வங்கிப் பதிவும் சேல்ஸ்மேனோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் போதும். எதையும் அழித்துவிடாதீர்கள்.

மாமா இருக்கிறாரே, என்ன செய்வது?

கடிதத்தில் நீங்கள் அதிகம் எழுதியிருப்பது மாமாவைப் பற்றித்தான். 'மாமா முகத்துக்காகப் பேசாமல் இருந்துவிட்டேன்' என்ற வரியை இரண்டு முறை படித்தேன். என்னிடம் வரும் கார் வழக்குகளில் பெரும்பாலும் இப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ கோயில் நண்பரோ இருக்கிறார். விற்பவர் 'நம்ம ஆள்', நம் மொழியில் பேசுகிறார், 'தங்கச்சி' என்கிறார், டீ வாங்கித் தருகிறார். அப்புறம் அவரிடம் விலை விவரத்தைத் திருப்பிக் கேட்பதே மரியாதைக் குறைவாகத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. மாமா கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. நல்லது செய்வதாக நம்பித்தான் அழைத்துப் போயிருப்பார். ஆனால் அடுத்த ஒன்பது வருடம் மாதா மாதம் தவணை கட்டப்போவது நீங்கள்.

மாமாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "மாமா, கார் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கணக்கு எனக்குப் புரியலை. புரிஞ்ச பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். நீங்களும் வந்து பக்கத்துல உட்காருங்க" என்று சொல்லுங்கள். சேல்ஸ்மேனுக்கும் உங்களுக்கும் நடுவில் அவரை நிறுத்தாமல் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் அவர் முகமும் வாடாது, உங்கள் வேலையும் நடக்கும். அவர் வரவில்லை என்றால் வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாக மட்டும் போக வேண்டாம்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது

நீங்கள் அனுப்பிய தாளில் உள்ள வரிகள் இவை: கார் 36,800, 'பிராசஸிங்' 1,500, புஸ்பாகோமும் (வாகனச் சோதனை நிறுவனம்) ஜேபிஜேவும் (சாலைப் போக்குவரத்து இலாகா) 800, இன்சூரன்ஸும் ரோட் டேக்ஸும் 1,900, 'வாரண்டி' 1,200. கூட்டினால் 42,200 வருகிறது.

சேல்ஸ்மேன் உங்களிடம் மாதம் 531 என்ற ஒரே எண்ணைத்தான் பேசினார். மாதத் தவணையைப் பற்றி மட்டும் பேசினால் மற்ற எல்லா எண்களும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 42,200 முழுவதும் கடன், ஃப்ளாட் ரேட் (முதலில் வாங்கிய முழுக் கடன் மீதே கடைசிவரை போடும் வட்டி) 4 விழுக்காடு, 9 வருடம் என்றால் வட்டி மட்டும் 15,192. மொத்தம் கட்டுவது 57,392, அதாவது மாதம் 531. இதையே வேறு மாதிரி செய்வோம். 36,800க்கு 10 விழுக்காடு முன்பணமாக 3,680ஐ நீங்கள் கட்டி, மீதி 33,120ஐ அதே வட்டியில் 7 வருடத்துக்குக் கடன் எடுத்தால் மாதம் 505. வட்டி 9,274. மாதம் 26 வெள்ளி குறைவு, இரண்டு வருடம் முன்னதாகவே கடனும் முடிகிறது. இன்சூரன்ஸையும் ரோட் டேக்ஸையும் நீங்கள் தனியாகக் கட்டவேண்டியிருக்கும், உண்மைதான். ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது இல்லையா? இன்னொன்று, 9 வருட ஃப்ளாட் ரேட்டில் 4 விழுக்காடு என்பது, குறைந்துகொண்டே வரும் கடனின் மீது கணக்கிட்டால் 7 விழுக்காட்டைத் தாண்டிவிடும். வங்கியிடம் அந்த 'எஃபெக்டிவ் ரேட்' எவ்வளவு என்று கேளுங்கள். அதைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

இப்போது வரிவரியாகப் பார்ப்போம். ஜேபிஜேயில் காரின் பெயர் மாற்றக் கட்டணம் 100 வெள்ளி. புஸ்பாகோம் சோதனைக் கட்டணம் அதையும்விடக் குறைவு. அலைச்சலுக்குக் கூலி கேட்பது நியாயம்தான், ஆனால் 800 எப்படி வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 'பிராசஸிங்' என்ற 1,500க்கு நான் விளக்கம் கேட்ட பல இடங்களில் தெளிவான பதில் வந்ததில்லை. பேரத்தில் முதலில் விழ வேண்டியது இந்த வரிதான். வாரண்டி உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எந்த நிறுவனம் தருகிறது, எஞ்சினும் கியர்பாக்ஸும் அதில் அடங்குமா, எத்தனை கிலோமீட்டர் வரை என்று எழுத்தில் வராவிட்டால் அந்த 1,200ஐ நீக்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸை டீலர் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்கவேண்டும் என்று எதுவும் இல்லை. 2017 ஜூலையிலிருந்து முழுக் காப்புறுதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு விலை சொல்கிறது, அதனால் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். உங்கள் விவாவில் சேர்ந்திருக்கும் என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி, உங்களுக்குச் சொந்தம். அது காரோடு போவதில்லை. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் அது 55 விழுக்காடு வரை வரும். விவாவைக் கொடுக்குமுன் அந்த என்சிடியைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 1,900 என்று போட்டிருப்பதில் அதைச் சேர்த்திருக்கிறார்களா என்பது தெரியவில்லை, கேட்டுவிடுங்கள்.

'ஃபுல் லோன்' பற்றி உங்கள் எண்ணத்தைத் திருத்துகிறேன்

ஃபுல் லோன் உங்களுக்குச் செய்யும் உதவி என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகைக் கொள்முதல் சட்டப்படி ரொக்க விலையில் பத்தில் ஒரு பங்கு முன்பணமாகக் கட்டியாக வேண்டும். அப்படியிருக்க முழுத் தொகையும் கடனாக வருவது எப்படி? பல நேரம் வங்கிக்கு அனுப்பும் இன்வாய்ஸில் விலையை ஏற்றிப் போடுவார்கள். உங்கள் விஷயத்தில் 42,200 கடன் வேண்டுமென்றால் விலை 46,900 அளவில் எழுதி, 10 விழுக்காட்டை நீங்கள் கட்டியதாகக் காட்ட வேண்டியிருக்கும். கட்டாத பணத்தைக் கட்டியதாகச் சொல்லும் தாளில் உங்கள் கையெழுத்து இருக்கும். நாளைக்குக் கேள்வி வந்தால் சேல்ஸ்மேன் உங்களோடு வந்து நிற்பாரா?

அது மட்டுமில்லை. கார் விபத்தில் மொத்தமாகச் சேதமானாலோ திருடு போனாலோ, இன்சூரன்ஸ் தருவது காரின் மதிப்பைத்தான். கடன் அதைவிடப் பெரிதாக இருந்தால், கார் இல்லாமலேயே மீதிக் கடனைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவின் மருத்துவச் செலவு இருக்கும் வீட்டில் இந்த ஆபத்து வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கையில் 3,680 இல்லை என்றால் மூன்று நான்கு மாதம் தள்ளிப்போடலாம், அல்லது விலை குறைந்த காரைப் பார்க்கலாம்.

காலிக் கட்டங்களோடு கையெழுத்துப் போட்டதாகச் சொன்னீர்கள். அது கடன் மனுதான், ஒப்பந்தம் இல்லை. வங்கி அதிகாரியின் பெயரைக் கேட்டு வாங்கி, மனுவில் என்ன விலை, என்ன முன்பணம், உங்கள் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதை நேரடியாக அவரிடமே விசாரியுங்கள். ஒப்பந்தத்துக்கு வரும்போது, பூர்த்தி செய்யாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. விலை, வட்டி, தவணை எல்லாம் எழுதிய அறிவிப்பையும் அதற்கு முன்பே உங்களிடம் தரவேண்டும்.

அந்த வாசனை

கடைசியில் ஒற்றை வரியாக நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை தருகிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாமெல்லாம் பார்த்தோம். அடுத்த வருடம் என் தம்பிக்குக் கார் பார்க்க ஓர் இடத்துக்குப் போனேன். கார் பளபளவென்று இருந்தது, உள்ளே எலுமிச்சை வாசனை. எங்களோடு வந்த மெக்கானிக் எதுவும் பேசாமல் டிரைவர் பக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வழக்கமாக உள்ளே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில், நேர்க்கோடு போட்டதுபோல் பழுப்புக் கறை. அப்புறம் சீட்டை முன்னே தள்ளினார். சீட் ஓடும் தண்டவாளத்தின் மூலையில் மாவு மாதிரி மண். சேல்ஸ்மேன் அதன் பிறகு விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

நீங்களும் அதைச் செய்யுங்கள். எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பாருங்கள். பின்னால் ஸ்பேர் டயர் இருக்கும் குழியைத் திறந்து கையால் தடவுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். நான்கும் பழசாக இருந்தால், புது டயர் செலவை விலையில் கழிக்கச் சொல்ல அது நல்ல காரணம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். காரைத் தூக்கிப் பார்க்கவோ ஓட்டிப் பார்க்கவோ விடமாட்டோம் என்றால், அந்தக் கார் உங்களுக்கு வேண்டாம்.

'புஸ்பாகோம் பாஸ் ஆகிவிட்டது, இனி என்ன' என்று சொல்வார்கள். கடன் போட்டு வாங்கும் பழைய காருக்கு பி7 என்ற சோதனை உண்டு, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தச் சோதனை எஞ்சின் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மெக்கானிக் தனி, புஸ்பாகோம் தனி.

'பழைய காருக்குச் சட்டம் கிடையாது' என்பது தவறு

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 டீலரிடம் வாங்கும் பழைய காருக்கும் பொருந்தும். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும், சொன்ன விவரிப்போடு ஒத்துப்போகவேண்டும். 'அஸ் இஸ் வேர் இஸ்' என்று அச்சடித்துவிட்டு இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ அந்தச் சட்டம் விடுவதில்லை. மீட்டரைத் திருப்பி வைப்பது வணிக விவரிப்புச் சட்டம் 2011இன்படி குற்றம்.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஏழெட்டு வருடக் காரிடம் புதுக் காரின் தரத்தை எதிர்பார்க்க முடியாது. விலையையும் வயதையும் வைத்துத்தான் தரத்தை எடைபோடுவார்கள். வாங்குமுன் 'ஏர்கான் சரியில்லை' என்று உங்களிடம் சொல்லிவிட்டால், பிறகு அதையே குறையாகச் சொல்ல முடியாது. டீலரை விட்டு ஒரு தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது. விலை குறைவு என்பதற்காகத் தனியாரிடம் போக நினைப்பவர்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

டீலர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், 'திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா' என்று சொல்வார்களே, அங்கே மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக என்னைப் போன்ற வழக்கறிஞர்களை உள்ளே விடுவதும் இல்லை. சம்பவம் நடந்த மூன்று வருடத்துக்குள் போகவேண்டும். வரம்புக்கு மேல் புக்கிங் பணம் வாங்கியதைப் பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிலும் புகார் செய்யலாம்.

இனி என்ன பேசுவது

நேரில் போகுமுன் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: 'அண்ணே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் எல்லாக் கட்டணத்தையும் வரிவரியாக எழுதி அனுப்புங்கள். மெக்கானிக் வந்து காரைப் பார்க்கவேண்டும். இன்வாய்ஸில் உண்மையான விலைதான் இருக்கவேண்டும். முன்பணத்தை நானே கட்டுகிறேன்.' இதில் கோபமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

போகும்போது அதே வருட மைவிகளின் விளம்பர விலை ஐந்தாறு குறித்துக்கொண்டு போங்கள். உங்கள் வங்கியில் தனியாக லோன் விசாரித்து அந்த வட்டியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லோனிலும் இன்சூரன்ஸிலும் டீலருக்குக் கமிஷன் வருவது வழக்கம் என்பதால், வெளியில் உங்களுக்கு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பேச்சு மாறும். அவர் மாதத் தவணையைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது இருக்கட்டும் அண்ணே, இன்சூரன்ஸ் இல்லாம மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். என்னைக் கேட்டால், கார் சுத்தமாக இருந்தால் பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து 37,000ஐத் தாண்டக்கூடாது. டயரோ பேட்டரியோ மாற்றவேண்டியிருந்தால் அதற்கும் கீழே. சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப நீங்களே விலையை ஏற்றிவிடாதீர்கள். விவாவின் விலையை இதோடு கலக்க வேண்டாம். மைவி விலை முடிந்து எழுத்தில் வந்த பிறகு விவாவைப் பற்றிப் பேசுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். 2023இல் வந்த புது அக்ஸியாவின் ஜி ரகம் அறிமுகமானபோது இன்சூரன்ஸ் இல்லாமல் 38,600 வெள்ளி. இன்றைய விலையைக் கேட்டுப் பாருங்கள். மைவியைவிடச் சிறிய கார்தான், ஆனால் ஐந்து வருட வாரண்டி உண்டு, புதுக் காருக்கு வட்டியும் பொதுவாகக் குறைவு. டயாலிசிஸ் முடிந்து களைத்து வரும் அம்மாவோடு ரோட்டில் நிற்கக்கூடாது என்பதுதான் உங்கள் முதல் தேவை என்றால், நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஒரு முறை அம்மாவை அதில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், இருக்கை உயரம் அவருக்குச் சரியாக இருக்கிறதா என்று.

எந்தக் காரை எடுத்தாலும் சரி, விவாவின் சாவியையும் கெரானையும் (காரின் உரிமைப் பத்திரம்) ஒப்படைக்கும் நாளில், ஜேபிஜேயில் உங்கள் பெயரிலிருந்து கார் மாறிவிட்டதற்கான சான்றைக் கையில் வாங்காமல் வராதீர்கள். மாறாமல் கிடந்தால், வேறு யாரோ ஓட்டி வாங்கும் சம்மன் உங்கள் பெயருக்குத்தான் வரும். புக்கிங் பணம் இரண்டு வாரத்துக்குள் திரும்பி வரவில்லை என்றால் ரசீதோடு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். நடுவர் மன்ற மனுவை எப்படி நிரப்புவது என்று வரிவரியாகச் சொல்லித் தருகிறேன்.